நோட்டீஸில் ஒரு வரி: செட்டிநாட்டுத் திருவிழாக் கமிட்டியாருக்குத் திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, சுற்றுவட்டத்து ஊர்களின் கோயில் காரியக்காரர்களுக்கும், திருவிழாக் கமிட்டித் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும் வணக்கம்.

2025 ஜூனில் நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அம்மா 99 வயதில் காலமானபோது உங்களில் பலர் வாட்ஸ்அப்பில் அஞ்சலிப் படம் வைத்திருந்தீர்கள். ‘மண்ணின் குரல் ஓய்ந்தது’ என்று ஒருவர் போட, அதையே மற்றவர்களும் அனுப்பினீர்கள். சரி, நல்லது. அந்த அம்மாவை உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஒரு தடவையாவது நோட்டீஸில் பெயர் போட்டு அழைத்ததுண்டா என்று கேட்க அப்போதே வாய் வரை வந்தது. துக்க வீட்டில் கேட்கிற கேள்வி இல்லையே என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். போனவருக்காக இல்லை, இன்னும் இருக்கிறவர்களுக்காக.

நான் மைக் செட் போடுகிறவன். அப்பா ஆரம்பித்த கடை. புளியமர உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு அடியில் ஆம்ப்ளிஃபயரோடு கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே வெளியூர்க்காரன் வந்து குறை சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம்.

கருப்பாயி அம்மாவின் கதை எல்லோருக்கும் துண்டு துண்டாகத் தெரியும். சேர்த்துவைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். மதுரையிலிருந்து தொண்டிக்குப் போகும் சாலையில், சிவகங்கைக்கும் காளையார்கோயிலுக்கும் நடுவில் கொல்லங்குடி. வெட்டுடையார் காளியம்மன் கோயிலுக்குப் போகிற நாம் எல்லோரும் இறங்குகிற ஊர். அங்கிருந்து அந்த அம்மாவின் நாட்டுப்புறப் பாட்டு வானொலிக்குப் போனது. 1985-இல் டைரக்டர் பாண்டியராஜன் ‘ஆண்பாவம்’ படத்தில் பாட்டி வேடம் கொடுத்தார். அறுபதை நெருங்குகிற வயதில் ஒரே படத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார். 1993-இல் கலைமாமணி. அப்புறம் வாய்ப்புகள் குறைந்தன. ‘வறுமையில் வாடும் கருப்பாயி’ என்று பத்திரிகைகள் எழுதின. நடிகர் சங்கம் உதவித்தொகை கொடுத்தது. கடைசியில் மரணச் செய்தி.

ஆக வானொலி ஒரு தடவை கண்டுபிடித்தது, சினிமா ஒரு தடவை, அரசாங்கம் ஒரு தடவை, பத்திரிகைக்காரர்கள் ஒரு தடவை. ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் நடுவில் வருஷக்கணக்கில் இடைவெளி. நாட்டுப்புறப் பாட்டுக்காரருக்கு அந்த இடைவெளியில் சோறு போட வேண்டியது எது? மாசியில் ஆரம்பித்து ஆடி வரை ஓடுகிற நம் திருவிழாச் சீசன்தான். வேறு சந்தை அவர்களுக்குக் கிடையாது. பரவை முனியம்மாவையும் 2003-இல் ‘தூள்’ படம் வந்த பிறகுதான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ மேடையில் பாடியவர். 2020-இல் அவரும் போய்விட்டார். நம் பக்கத்து ஆளையே நமக்கு அடையாளம் காட்ட ஒரு சினிமா டைரக்டர் வரவேண்டியிருக்கிறது.

சினிமா கூப்பிடாதவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதற்கு என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

எண்பதுகளின் கடைசியில் தேவகோட்டைப் பக்கம் ஒரு அம்மன் திருவிழாவை, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு வீட்டார் வீடியோ எடுத்திருந்தார்கள். அந்தக் கேசட்டைப் பேரன் சிங்கப்பூரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு துண்டை வெட்டி வெளியிட்டான். கரகாட்டம் ஆடுகிற பெண்ணுக்குப் பின்னால் நாகஸ்வரம் ஊதுகிற ஒரு நாயனக்காரர். பம்பைக்காரர் ஒரு தாளச் சொல்லைத் தட்டுகிறார். இவர் அதே சொல்லை நாயனத்தில் வாங்கி அப்படியே திருப்பிக் கொடுக்கிறார். மறுபடி பம்பை. மறுபடி நாயனம். நாலாவது தடவை, முடிக்கிற இடத்தில் கொஞ்சம் இழுத்துக் கோணலாக விட்டு, பம்பைக்காரரைத் திரும்பிப் பார்த்து ஒரு முழி முழிக்கிறார். கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. நையாண்டி மேளம் என்றால் என்ன என்று கேட்கிறவனுக்கு அந்தத் துண்டைக் காட்டினால் போதும். லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள். யார் இவர், யார் இவர் என்று ஒரே கேள்வி.

அந்தத் திருவிழாவுக்கு மைக் போட்டது எங்கள் கடை. எனக்கு ஆளைத் தெரியும், பெயர் தெரியாது. எல்லோரும் ‘சின்ன நாயனம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருஷத்து நோட்டீஸைத் தேடி எடுத்தேன். ‘நையாண்டி மேளத்துடன் அம்மன் வீதி உலா’ என்று இருந்தது. மேளம் யாருடையது, எந்த ஊர் என்று ஒரு எழுத்துக் கிடையாது. தவில்காரர்களிடம் விசாரித்து விசாரித்துக் கடைசியில் திருவாடானைப் பக்கத்துக் கிராமத்தில், மகள் வீட்டுத் திண்ணையில் ஆளைப் பிடித்தோம். நாயனம் துணிப்பையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்பல் நாலும் இல்லை. நாயனக்காரருக்குப் பல் போனால் உதடு சீவாளியை, அதாவது ஊதுகிற முனையை, பிடிக்காது, பிடிக்காவிட்டால் சுருதி நிற்காது. அந்த வித்தை அதோடு சரி.

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகிப்பீர்கள். சேனல்காரர்கள் வந்தார்கள். பொன்னாடை வந்தது. ஒரு கமிட்டி, ‘நம்ம மண்ணின் பொக்கிஷம்’ என்று கலர் பேனரில் படம் போட்டு மேடையில் ஏற்றி, வாசிக்கச் சொன்னது. அவர் வாயைத் திறந்து காட்டினார். கூட்டம் அதற்கும் கை தட்டியது.

எல்லாம் முடிந்து வீட்டில் கொண்டுவந்து விடும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். ‘தம்பி, நான் வாசிச்சேன்னு பேர் போட்ட நோட்டீஸ் எதுவும் உங்க கடையில கெடக்குமா?’

நலிந்த நிலையில் இருக்கும் கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் அரசு உதவித்தொகை இருக்கிறது. 2007-இலிருந்து நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியமும் இருக்கிறது. எதற்கு விண்ணப்பித்தாலும் இத்தனை காலம் இந்தக் கலையில் இருந்தேன் என்று ஆதாரம் காட்ட வேண்டும். பட்டம் வாங்கியவர்களிடம் சான்றிதழ் இருக்கும். சபாவில் பாடியவர்களிடம் அழைப்பிதழ் இருக்கும். ஊர் ஊராக விடிய விடிய வாசித்தவரிடம் எது இருக்கும்? நாம் அச்சடித்த நோட்டீஸ் இருக்கும், அதில் அவர் பெயர் இருக்காது. வீடியோவை லட்சம் பேர் பார்த்தாலும் அதிலும் பெயர் இல்லை.

நான் கேட்க வந்தது இதைத்தான். நோட்டீஸில் பெயர் போடுங்கள்.

நம் நோட்டீஸ் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். மேலே அம்மன் படம். காப்புக் கட்டு, முளைப்பாரி போடுதல், பூக்குழி, பால்குடம் என்று நாள்வாரியாக நிகழ்ச்சி. ஒவ்வொரு நாளுக்கும் அன்றைய செலவை ஏற்கிற மண்டகப்படிக்காரர்கள், அப்பா தாத்தா இனிஷியலோடு மூன்று தலைமுறை விலாசம் விட்டுப் போகாமல். அன்னதான உபயம், பூமாலை உபயம், வாணவேடிக்கை உபயம். ஒருவர் பெயர் மேலே போய் இன்னொருவர் பெயர் கீழே வந்துவிட்டால் அந்த வருஷம் கூட்டத்தில் நாற்காலி பறக்கும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிற ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போட்டோவோடு பாதிப் பக்கம். கடைசி வரியில் பந்தல்காரர், அச்சகம், என் கடை. ‘ஒலி ஒளி அமைப்பு’ என்று செல் நம்பரோடு போடுகிறீர்கள். வயரை இழுத்துக் கட்டுகிற எனக்குப் பெயர் உண்டு. அந்த வயரில் போகிற பாட்டைப் பாடுகிறவருக்கு இல்லை.

இடம் போதாது என்று ஒரு செயலாளர் என்னிடம் சொன்னார். நோட்டீஸ் நாலு பக்கம் இருந்தது. இடப் பிரச்சினை இல்லை ஐயா இது. மேளம் அடிக்கிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், அவர் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டால் யார் முகம் சுளிப்பார்கள் என்பதுதான் பிரச்சினை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேளமும் அடிக்கு அடி வேண்டும், அடிக்கிறவர் பெயர் மட்டும் வேண்டாம் என்றால் அது கலைக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

ஒரு செட் நையாண்டி என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, தமுரு, தாளம். ஏழு பெயர். இரண்டு வரியில் அடங்கிவிடும். கரகம் எடுக்கிறவர்களையும் சேர்த்தால் மூன்று வரி. புரோக்கர் மூலம் பேசினால் புரோக்கர் நம்பர் மட்டும்தான் உங்களிடம் இருக்கும், யார் வருகிறார்கள் என்று அவருக்கே கடைசி நாள்தான் தெரியும். நேராகத் தலைமை நாயனக்காரரிடம் பேசுங்கள். அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே பெயர்களை எழுதி வாங்குங்கள். சம்பளமும் அவர்கள் கைக்கு முழுசாகப் போகும். ஆட்டக்காரப் பெண்ணின் ஜாக்கெட்டில் ரூபாய் நோட்டைக் குத்துகிற பழக்கத்தையும் இதே சாக்கில் நிறுத்தினால் கோடிப் புண்ணியம். இதைத் தனி மடலாகத்தான் எழுத வேண்டும்.

முளைப்பாரிப் பாட்டுக்கு வருகிறேன். ‘இரவு: பெண்கள் கும்மி’ என்று நோட்டீஸில் மூன்றே சொல்லில் முடிந்துபோகிற சமாசாரம். பார்த்தால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கொட்டுவது மாதிரி இருக்கும். ஆனால் அதில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர் ஒருவர், அதிகம் போனால் இரண்டு பேர். அவர் ஒரு வரி எடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எந்த இடத்தில் வேகம் கூட்ட வேண்டும், சிறுபிள்ளைகள் மூச்சு வாங்கினால் எந்தப் பாட்டுக்கு இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். முளை போட்ட நாளிலிருந்து ராத்திரி ராத்திரி பாடினாலும் பாடினதைத் திருப்பிப் பாடாத ஆத்தாக்களை எனக்குத் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகம் கிடையாது, அத்தனையும் நெஞ்சிலிருந்து.

கும்மிக்கு மைக் போடுவதே ஒரு தனிப் பாடு. வட்டம் சுற்றுகிறது, ஸ்டாண்ட் மைக் ஒரே இடத்தில் நிற்கிறது. பாட்டெடுக்கிற அம்மா மைக் பக்கம் வரும்போது பாட்டில் கால்வாசி விழும், அந்தப் பக்கம் போய்விட்டால் கைத்தட்டுதான் விழும். ஊருக்கெல்லாம் ‘டப் டப்’ என்று கேட்கும், என்ன பாட்டென்று தெரியாது. நாலு பக்கமும் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, வட்டத்துக்கு நடுவே முளைப்பாரிக்கு நேர் மேலே மைக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் பாட்டு சீராக விழும். ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பத்து மைக் கேட்கிற கமிட்டி, கும்மிக்கு இந்த ஒரு மைக்குக்கான கம்பையும் கயிறையும் தர யோசிக்கிறது. இப்போது சட்டைக் காலரில் குத்துகிற வயர்லெஸ் மைக் வந்துவிட்டது, கம்பும் கயிறும்கூட வேண்டாம். பாட்டெடுக்கிறவர் யார் என்று முன்கூட்டியே சொன்னால் போதும். யார் என்று நான் கேட்டால், ‘யாராவது ஒரு கெழவி பாடும் தம்பி’ என்று பதில் வருகிறது.

நேரமும் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. போலீஸ்காரர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில்தான் நிற்பார். நீங்கள் ஏழு மணிக்கு ஆர்க்கெஸ்ட்ராவை ஏற்றுகிறீர்கள். பரிசளிப்பு, பொன்னாடை, நன்றியுரை என்று ஒன்பதரை ஆகிறது. மீதி அரை மணி நேரத்தில் வந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். அப்போது கும்மியும் ஒயிலாட்டமும் ஆரம்பிக்கும், பத்துக்கு நான் சுவிட்சை அணைத்துவிடுவேன். இதைத் திருப்பிப் போட என்ன செலவு? ஆறு மணிக்கு நம் ஆட்கள், எட்டுக்கு ஆர்க்கெஸ்ட்ரா. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எப்படியும் கூட்டம் நிற்கும்.

‘செட்டிநாடு கலைக்குச் செய்யாததா?’ என்று கேட்பீர்கள். செய்தது நிறைய. தமிழில் பாட்டே பாட மாட்டோம் என்ற காலத்தில், 1940-களில், கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று தமிழிசை இயக்கம் நடத்தினார். காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் கிராமபோன் தட்டு வியாபாரத்தில் ஆரம்பித்துத்தான் படம் எடுக்கப் போனார், போர்க்காலத்தில் காரைக்குடியிலேயே ஸ்டுடியோ போட்டார். காரைக்குடி வீணை சகோதரர்கள் என்றால் இன்றும் கச்சேரி வட்டாரத்தில் எழுந்து நிற்பார்கள். கச்சேரி மேடையில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்று அத்தனை பாடுபட்ட மண்ணில், வயக்காட்டிலும் கோயில் பொட்டலிலும் தமிழைத் தவிர வேறெதிலும் பாடாதவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். குடும்பக் கணக்கில் புள்ளி வரியும் தலைக்கட்டு வரியும் போட்டுத் திருவிழா நடத்துகிற நமக்கு, இதற்கென்று தனியாக ஒரு ரூபாய் வசூலிக்கவும் வேண்டியதில்லை. அச்சுக்கூலி அதே கூலிதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்கிறேன். போர்டு எழுதுகிற ஓவியர். கிடைத்த பழைய புத்தகத்தை எல்லாம் வீட்டில் சேர்த்தார். புத்தகம் மட்டும் இல்லை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் மறுநாளே கிழித்துப் போடுகிற தாளையும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் உருவானது. அந்தக் காலத்து நாடகத்தில் யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட், யார் ஆர்மோனியம் என்று இன்றைக்கு ஒருவர் எழுத முடிகிறதென்றால் அந்த மாதிரி நோட்டீஸ்களை வைத்துத்தான். நாடகக் கம்பெனிக்காரன் ஆர்மோனியக்காரர் பெயரைக்கூட விடாமல் போட்டான். நாம் இன்று அடிக்கிற நோட்டீஸை ஐம்பது வருஷம் கழித்து யாராவது எடுத்துப் பார்த்தால், இந்த ஊரில் உபயதாரர்களும் மைக் செட்காரனும் மட்டும்தான் இருந்தார்கள் என்று எழுதுவான்.

பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறவர்களிடம் எனக்குச் சில சில்லறைக் குறைகள் உண்டு. வளவு என்கிற உள்முற்றத்தில் விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஓரத்தில் கரகாட்டம் ஆடவிடுவது அதில் ஒன்று. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே வந்திருந்த ஒரு வெளிநாட்டு அம்மா, ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு மேளக்காரரிடமும் போய்ப் பெயர் கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். தவில்காரர் வெட்கத்தில் நெளிந்தார். இத்தனை காலத்தில் நம்மவர் யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் போல.

என்னிடம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். திருவிழாக்களில் மிக்சரிலிருந்து நேராகப் பிடித்த கேசட்டுகள் கடையில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பதிவு இருந்தால் கமிட்டிக்கு ஒரு பிரதி, பாடினவர் வீட்டுக்கு ஒரு பிரதி இலவசம். பாடினவர் வீட்டைக் காட்டுவது மட்டும் உங்கள் பொறுப்பு.

உங்கள் வீடுகளிலும் இருக்கும். இரண்டாங்கட்டு அலமாரியில், பரணில், தகர டிரங்குப் பெட்டியில். பங்காளிகள் பாகம் பிரித்து வீட்டை இடிக்கும்போது தேக்குத் தூண் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகிறது, கேசட்டு காயலான் கடைக்குப் போகிறது. போகவிடாதீர்கள். எடுத்தவுடன் பழைய டேப்ரிக்கார்டரில் போட்டும் பார்க்காதீர்கள். பூஞ்சை பிடித்த டேப் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். அப்படியே கொண்டுவாருங்கள், நான் துடைத்து ஏற்றித் தருகிறேன். கொண்டுவரும்போது எந்த விசேஷம், எந்த வருஷம், யார் மேளம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். யார் மேளம் என்று தெரியாவிட்டால் வீட்டில் ஆச்சிமார்களைக் கேளுங்கள். அந்த விசேஷத்துக்குச் சமைத்தவர் யார், எத்தனை படி அரிசி போட்டது, பாயசத்தில் என்ன குறை என்பதெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறவர்களுக்கு மேளக்காரர் யார் என்பதும் ஞாபகம் இருக்கும்.

இப்படிக்கு,
காரைக்குடி மைக் செட்காரன் ஒருவன்